கிணற்றடி வழியே ஒரு பயணம்

"தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே" என்று எமது பாட்டிமார் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு வளவின் மதிப்பைச் சொல்லும்போது மண்ணுக்கு முன்னர் தண்ணீரைத்தான் சொல்வார்கள். "நல்ல தண்ணிக் கிணறு" என்ற ஒரு சொல்லுக்காகவே காணி விலை கூடியதுண்டு. இடப்பெயர்வு காலத்தில் எத்தனையோ ஊர்க் கிணறுகளின் தண்ணீரைக் குடித்து உயிர் பிழைத்தவர்கள் நாம். ஆகவே தண்ணீரைக் குறைசொல்ல எமக்கு மனம் வருவதில்லை. ஆனால் தண்ணீரைப் பழிப்பது வேறு, தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்வது வேறு.

நான் பணிபுரியும் கிராமங்களின் மாதர் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். "பிள்ளை, எங்கடை கிணத்துத் தண்ணியைக் குழந்தையளுக்குக் குடுக்கலாமோ? பாக்கக் கண்ணாடி மாதிரித்தானே கிடக்கு?" இந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் இருந்துகொண்டு பதில் சொல்வதைவிட, எமது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஒன்றாகப் போய்ப் பார்ப்பது நல்லதென்று பட்டது. புரட்டாதி மாதத்தில், மாரி மழை தொடங்குவதற்கு முன்னர், இருபத்துநான்கு பெண்கள் ஒரு பஸ்ஸில் புறப்பட்டோம். கிணறுகளில் தண்ணீர் மிகவும் கீழே போயிருக்கும் காலம் அது. பெரும்பாலானோர் குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்துபவர்கள். கட்டுச்சோறும் கட்டிக்கொண்டார்கள்.

கோண்டாவில்

முதலில் கோண்டாவிலில் இறங்கினோம். யாழ் நகரில் குழாய்நீர் கிடைத்த வீடுகளுக்கு நீண்ட காலமாக வந்தது கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கக் கிணறுகளின் நீர்தான். அதை இறைத்து, குளோரின் சேர்த்து, தாங்கிகளில் ஏற்றி அனுப்பினார்கள். கடலேரியை அண்டிய நகரப் பகுதிகளில் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தது. அதனால் உள்ளூரின் செம்மண் பூமியை நாட வேண்டியிருந்தது.

பெரிய நகரங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று ஒரு தங்கை கேட்டாள். இந்தியாவில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவள் அவள். அவளுக்குத் தெரிந்த சென்னையையே உதாரணமாகச் சொன்னேன். அந்த நகருக்கு 1872 முதல் செங்குன்றம் ஏரியிலிருந்து நீர் வந்தது. அது திறந்த வாய்க்காலில், வடிகட்டப்படாமல் வந்தது. 1914 இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைக்கப்பட்டன. பெரிய தொட்டிகளில் சரளைக்கல்லும் மணலும் பரப்பி, அதன் மேல் நீரை விட்டு, மெல்ல மெல்லக் கீழிறங்கச் செய்வார்கள். சில நாட்களில் மணலின் மேல் வழுவழுப்பான ஒரு படலம் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் அதில் வாழ்கின்றன. நீரில் வரும் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியை அந்தப் படலமும் மணலும் பிடித்து அழித்துவிடும்.

இந்த மணலின் பெறுமதியை உலகம் 1892 இல் ஒரு பெரிய இழப்பின் மூலம் கண்டது. ஜேர்மனியில் ஹம்பேர்க், அல்ட்டோனா என்ற இரண்டு நகரங்கள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டும் எல்பே என்ற ஒரே ஆற்று நீரையே குடித்தன. ஹம்பேர்க் நீரை வடிகட்டாமல் வழங்கியது. அல்ட்டோனா, ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பகுதிக்குக் கீழே நீரை எடுத்தும், மணலில் வடித்து வழங்கியது. வாந்திபேதி பரவியபோது ஹம்பேர்க்கில் எட்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அல்ட்டோனா பெருமளவு தப்பியது. எல்லை வீதியில் ஒரு பக்க வீடுகளில் நோய், மறுபக்க வீடுகளில் நோயில்லை என்ற நிலையும் காணப்பட்டது.

"அப்ப எங்களுக்கு வடிகட்டி எங்கை?" என்று ஒரு அக்கா கேட்டா. எமக்கு வடிகட்டி எமது காலடியில் உள்ள மண்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் கலந்துவிடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை மண்ணில் இறங்கி, கீழேயுள்ள சுண்ணக்கல்லில் தங்கி, ஆண்டு முழுவதும் கிணறுகளில் ஊறுகிறது. மண் எவ்வளவு வடித்துத் தருகிறதோ அவ்வளவுதான் எமக்கு.

கீரிமலை

அந்த வடிகட்டி எப்படிப்பட்டது என்று பார்க்கக் கீரிமலைக்குப் போனோம். கடல் அலை வந்து மோதும் இடத்திலிருந்து சில அடி தூரத்தில் நன்னீர்க் கேணி. நகுலேஸ்வரத்தின் பழைமையும், கீரிமுகம் நீங்கிய முனிவரின் கதையும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தவர்கள் இங்கு பிதிர்க்கடன் செய்வார்கள். எம்முடன் வந்த ஒரு அக்கா கேணிப் படியில் நெடுநேரம் இருந்தா. கணவர் 2009 இல் காணாமல் போனவர். "மகன் இஞ்சை வந்து தர்ப்பணம் செய்யமாட்டன் எண்டு நிக்கிறான். நானும் கேக்கிறேல்லை" என்றா. வேறு யாரும் எதுவும் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தக் கேணிக்கு நீர் எங்கிருந்து வருகிறது? வலிகாமத்தின் உட்பகுதியில் பெய்த மழை, சுண்ணக்கல்லின் வெடிப்புகளையும் குகைபோன்ற துவாரங்களையும் வழியாகக் கொண்டு கடலை நோக்கி ஓடிவந்து இங்கு வெளிப்படுகிறது. மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணக்கல்லைக் கரைத்துக் கரைத்து அந்த வழிகளை உண்டாக்கியிருக்கிறது. மணலில் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும், சுண்ணக்கல்லிலோ குழாயில் ஓடுவதுபோல ஓடிவிடும். மேலேயுள்ள செம்மண் பல இடங்களில் மிக மெல்லியது. அதைத் தாண்டிய அழுக்கு, அதன் பிறகு வடிபடுவது குறைவு. நீர் மட்டும் பளிங்குபோல இருக்கும்.

கீரிமலையைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள். காணிகள் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இல்தான் திரும்பக் கிடைத்தது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள் வீட்டைத் தேடவில்லை, முதலில் கிணற்றைத் தேடினார்கள் என்று எம்முடன் வந்த மாவிட்டபுரத்துப் பெரியம்மா சொன்னா. வீடு இருந்த இடம் தெரியாவிட்டாலும் கிணற்றுக்கட்டு தெரிந்ததாம். ஆனால் பல கிணறுகள் குப்பையாலும் கல்லாலும் தூர்ந்திருந்தன.

மீளக் குடியேறும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். நீண்ட காலம் பாவிக்காத கிணற்றில் எவரையும் தனியே இறக்க வேண்டாம். அடியில் நச்சுக்காற்று தங்கி நின்று உயிரைப் பறித்த சம்பவங்கள் உண்டு. வெடிபொருள் போன்று எதையாவது கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். இறைத்துச் சேறள்ளி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் இட்டு, மீண்டும் இறைத்து, நீரைச் சோதித்த பின்னரே குடிக்கத் தொடங்க வேண்டும்.

சுன்னாகம்

திரும்பும் வழியில் சுன்னாகத்தில் நின்றோம். இங்கு நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். 2013 இற்குப் பின்னர் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மணப்பதாகவும், வாளியில் எண்ணெய்ப் படலம் மிதப்பதாகவும் மக்கள் முறையிட்டார்கள். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் அது பெரும் பிரச்சினையாகியது. கிணறு இருக்கும் வீட்டுப் பெண்கள் வெற்றுக் குடத்துடன் வீதியோரத் தாங்கிகளிலும் பவுசரிலும் வரிசையில் நின்றார்கள். சுற்றாடல் செயற்பாட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது.

ஒரு வீட்டுப் படலையில் நின்று பேசினோம். "மணம் இப்ப தெரியேல்லை. ஆனால் மனம் வருகுதில்லை" என்றா அந்த வீட்டம்மா. குடிக்கத் தண்ணீர் வாங்குகிறார்கள், கிணற்று நீரை உடுப்புத் துவைக்கப் பாவிக்கிறார்கள். நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு வாங்கிக் குடிக்கும் தண்ணீர் எவ்வளவு பாரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எண்ணெய் மணத்ததால் அதைக் கண்டுபிடித்தோம். மணமும் நிறமும் சுவையும் இல்லாத ஒன்று வலிகாமத்துக் கிணறுகளில் அதற்கு முன்பே இருந்தது. அதன் பெயர் நைத்திரேற்று. வெங்காயம், புகையிலை, மிளகாய்த் தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்தும், மலக்குழிகளிலிருந்தும், மாட்டெருவிலிருந்தும் அது நீரில் இறங்குகிறது. 1980களிலேயே ஆய்வாளர்கள் இதை எச்சரித்திருந்தார்கள். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம்.

இங்கே ஒரு முக்கிய விடயம் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதில், எமது மண்ணைப் பொறுத்தவரை, இன்னொரு நன்மையும் இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கிணற்று நீர் தேவையில்லை.

மலக்குழி பற்றியும் பேசினோம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் அதுவும் போதாமல் போகலாம். காணிகள் பிரிந்து பிரிந்து சிறுத்துவிட்டன. எமது கிணற்றுக்கு 50 அடி விட்டுக் கட்டிய குழி, அயல்வீட்டுக் கிணற்றுக்கு 15 அடியில் இருக்கும். நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரியும் ஊரில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு வழி. ஒரு காலத்தில் சாதியின் பெயரால் சிலரைக் கிணற்றில் அள்ளவிடாமல் காக்க வைத்தார்கள், அவர்களாக மனம் இரங்கி ஊற்றும்வரை பெண்கள் குடத்துடன் நின்றார்கள். மேலே அவ்வளவு வேலி போட்ட ஊரில், நிலத்துக்குக் கீழே ஒரு வேலியும் இல்லை. எல்லாக் கிணறுகளும் ஒரே நீரைத்தான் பங்குபோடுகின்றன.

நிலாவரை

சுன்னாகம் புத்தூர் வீதியால் நிலாவரைக்கு வந்தோம். இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஊர்க்கதை. அடியில்லாக் கிணறு என்பார்கள். மேலே நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உவர்நீர் என்பதே இதன் விசேடம். குடாநாடு முழுவதற்கும் இது பொருந்தும். பாரம் குறைந்த நன்னீர், பாரம் கூடிய கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 அடி ஏறிவரும்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடம்பின் களைப்பே அளவாக இருந்தது. மோட்டருக்குக் களைப்பில்லை. மழைநீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு ஊறவிட்ட ஆயிரத்தளவான குளங்களிலும் கேணிகளிலும் பல தூர்ந்தும், குப்பை மேடாகியும் விட்டன.

தொண்டைமானாறும் தலையடியும்

மத்தியானச் சாப்பாட்டைத் தொண்டைமானாற்றில் முடித்தோம். கடல்நீர் வடமராட்சிக் கடலேரிக்குள் ஏறாமல் தடுக்க 1950களில் கட்டிய தடுப்பணை இங்கு உண்டு. ஆனையிறவுக் கடலேரியின் மழைநீரை வடமராட்சிக் கடலேரி ஊடாகத் திருப்பி, உவரைக் கழுவி, நிலத்தடி நீரைப் பெருக்கலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் ஒரு திட்டம் முன்வைத்தார். "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்று அதைச் சொல்வார்கள். வேலைகள் தொடங்கின, ஆனால் திட்டம் முழுமை பெறவில்லை.

அங்கிருந்து பருத்தித்துறை, நாகர்கோவில் தாண்டி மணற்பாங்கான வடமராட்சி கிழக்கிற்குள் நுழைந்தோம். இங்கு ஆழம் குறைந்த மணற்கிணறுகள். மணல் நன்றாக வடித்துத் தரும், ஆனால் நன்னீர் மெல்லிய படையாகவே நிற்கும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் இந்த ஊர்களுக்குள் புகுந்தபோது கிணறுகளெல்லாம் உவராகின. கடல்நீர் நிறைந்த கிணற்றை அவசரப்பட்டு வேகமாக இறைத்தால் கீழிருந்து மேலும் உவர் ஏறும் என்பதும், அளவாக இறைத்து மழையைக் கழுவவிடுவதே நல்லதென்பதும் அந்த அனர்த்தத்தில் கற்ற பாடம்.

அதே தலையடியில்தான் இன்று கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நிற்கிறது. நாம் வெளியே நின்றே பார்த்தோம். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. முதலில் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். தமது வயலுக்கு நீர் குறைந்துவிடும் என்று கிளிநொச்சி விவசாயிகள் அஞ்சினார்கள். போரில் எல்லாம் இழந்து மீண்டும் வயலில் இறங்கியவர்களின் அச்சம் அது, அதைத் தவறென்று சொல்ல முடியாது. பின்னர் கடல்நீர்த் திட்டம் வந்தது. வெளியேறும் செறிந்த உப்புநீர் மீன்வளத்தைப் பாதிக்குமோ என்று கடற்றொழிலாளர் கேள்வி எழுப்பினார்கள். 2024 ஆகஸ்டில் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், அதாவது 2 கோடி 40 இலட்சம் லீற்றர் நீர் தரக்கூடியதாக அமைக்கப்பட்டது. கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் மெல்லிய சவ்வுகளூடாகத் தள்ளி உப்பைப் பிரிக்கிறார்கள். மின்சாரம் நிறையச் செலவாகும் முறை இது.

"கடலைக் குடிக்கிற காலம் வந்திட்டுது" என்று மாவிட்டபுரத்துப் பெரியம்மா சிரித்தா. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது, குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீர் ஏந்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை அவ அப்போது எமக்குச் சொன்னா. பஸ்ஸில் இருந்த பலருக்கும் அந்த இரவு தெரியும். தாகம் என்றால் என்ன என்று அறிந்தவர்களிடம் தண்ணீரைக் காப்பாற்றும் பொறுப்பைக் கொடுத்தால் அது வீண்போகாது என்று எனக்குப் பட்டது.

நாம் செய்யக்கூடியவை

குழாய்நீர் எல்லா வீட்டுக்கும் வரும்வரையும், வந்த பின்னரும், கிணறு எம்முடன் இருக்கப்போகிறது. அழுக்கு ஒரு வகையல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பரிகாரம் உண்டு. பயணத்தில் நாம் குறித்துக்கொண்டவற்றை உங்களுக்கும் தருகிறேன்.

1. கலங்கலுக்கு: எமது அம்மாமார் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்து மண்ணை அடியில் படிய வைத்தார்கள். வெள்ளைத் துணியில் வடித்தார்கள். இவை கலங்கலைப் போக்கும், கிருமியைக் கொல்லா.

2. கிருமிக்கு: நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மூடிவைத்துக் குடிப்பதே எளிய வழி. அள்ளக் கைபிடியுள்ள அகப்பையைப் பாவியுங்கள். வெள்ளத்துக்குப் பின்னர் கிணற்றுக்குக் குளோரின் இடச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

3. நைத்திரேற்றுக்கும் உவருக்கும்: கொதிக்கவைத்தலும் குளோரினும் மணலும் உதவா. சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்த நீர் உதவும். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீடுகளுக்கு அந்த நீரை முதலில் கொடுக்கச் சங்கங்கள் ஒழுங்கு செய்யலாம்.

4. எண்ணெய்க்கு: மணமோ படலமோ தெரிந்தால் குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்தி, எழுத்தில் முறையிடுங்கள். முறைப்பாட்டின் பிரதியை வைத்திருங்கள். சுன்னாகத்து மக்கள் பேசாமல் இருந்திருந்தால் தீர்ப்பு வந்திராது.

5. கிணற்றுக்கு: கட்டும் சீமெந்துத் தளமும் வெடிப்பின்றி இருக்கட்டும். குளிப்பதும் துவைப்பதும் கழிவு திரும்பி உள்ளே வடியாத தூரத்தில் நடக்கட்டும். பாவிக்காத கிணற்றைக் குப்பைக்கிடங்கு ஆக்காதீர்கள். அங்கு போடுவது அயலவரின் குடத்துக்கு வரும்.

6. மழைக்கு: கூரை நீரை முதல் மழை கழுவிய பின்னர் பிடித்துத் தாங்கியில் சேருங்கள். மிஞ்சியதை வளவில் இறங்க விடுங்கள். ஊர்க்குளத்தைத் தூர்வாரும் வேலையைச் சிரமதானமாகச் சங்கம் எடுத்துச் செய்யலாம்.

சகோதரிகளே, உங்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு வேலை செய்யுங்கள். ஊரின் படத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு கிணற்றையும், ஒவ்வொரு மலக்குழியையும், தோட்டத்தையும், குளத்தையும் அதில் குறியுங்கள். எந்தக் கிணறு எதற்கு அருகில் இருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள். பின்னர் எந்தக் கிணறுகளை முதலில் சோதிக்க வேண்டும் என்று தீர்மானித்து, அந்தப் பட்டியலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிலும் கொடுங்கள். எம்முடன் வந்த ஐந்து சங்கங்களும் இந்த வேலையைத் தொடங்கிவிட்டன. மழைக்கு முன் ஒரு தடவையும், மழைக்குப் பின் ஒரு தடவையும் சோதிப்பதென்று முடிவெடுத்திருக்கிறார்கள்.